இலவசக் கல்வியும் பஸ் பாதையும்: கண்டிப் பிள்ளைகளின் பயணம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

எமது நாட்டின் இலவசக் கல்வியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கட்டணம் ஒழிக்கப்பட்ட கதை, தாய்மொழி போதனாமொழியான கதை, உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற கதை என்று ஒவ்வொன்றுக்கும் நூல்கள் உண்டு. ஆசிரியர் கலாசாலையில் கல்வி வரலாறு படித்த நாட்களில் நானும் இவற்றைத்தான் குறிப்பெடுத்தேன். பரீட்சைக்கும் இவைதான் வந்தன. பிள்ளை வீட்டிலிருந்து பாடசாலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற வினாவை எவரும் எம்மிடம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அது வரலாற்றுக்குரிய வினா என்பது கிராமத்துப் பாடசாலையொன்றில் பல வருடம் கற்பித்த பிறகே எனக்கு உறைத்தது. எங்கள் ஊரிலிருந்து கண்டி நகரப் பாடசாலைகளுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், வருடத் தொடக்கத்தில் பஸ் பருவச் சீட்டு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு எனது வீட்டுக்கு வருவார்கள். எங்கள் பேச்சில் அது 'சீசன்'. "சேர், இதக் கொஞ்சம் நிரப்பித் தாங்க" என்பார்கள். பெயர், விலாசம், பாடசாலை, ஏறுமிடம், இறங்குமிடம் என்று நிரப்பிக்கொண்டே போகையில், இந்தச் சிறு தாளுக்குப் பின்னால் எத்தனை அரசாங்கங்களின் முடிவுகள் இருக்கின்றன என்று யோசிப்பேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

கண்டி முஸ்லிம்கள் பாதையைப் பற்றிப் பேசுவதென்றால் சற்றுப் பின்னுக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும். கண்டி இராச்சியத்தில் 'மடிகே பத்த' என்றொரு நிருவாகப் பிரிவு இருந்தது. இன்றைய மொழியில் அதை அரசின் போக்குவரத்துத் திணைக்களம் எனலாம். தவளம் என்னும் பொதிமாட்டு அணிகளில் பாக்கு கரையோரத்துக்கு இறங்கியது. உப்பும் கருவாடும் புடைவையும் மலைக்கு ஏறின. அந்தச் சேவையில் எமது மூதாதையர் பெருமளவில் இருந்தனர். லோனா தேவராஜா 1994 இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூலில் இது விரிவாகப் பேசப்படுகிறது. உடதலவின்ன மடிகே, கலகெதர மடிகே என்று ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எமது கூட்டங்களில் மடிகேப் பெருமை தேவைக்கு மேலாகவே பேசப்பட்டுவிட்டது. அதைக் கூட்டுவது எனது நோக்கமன்று. போக்குவரத்து என்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்ற எண்ணம் இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

பிரித்தானியர் வீதி போட்டனர். 1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1880 இல் அது மாத்தளை வரை நீண்டது. வீதியும் ரயிலும் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போடப்பட்டவை. பாடசாலைப் பிள்ளை அவற்றில் பின்னாளில் தொற்றிக்கொண்ட பயணி. மாத்தளைப் பாதையில் உடதலவின்ன, வத்தேகம, கட்டுகஸ்தோட்டை நிலையங்களில் காலை ரயிலுக்குக் காத்து நிற்கும் வெள்ளைச் சீருடைகளைக் காணும்போதெல்லாம், தவளக்காரரின் பேரப்பிள்ளைகள் கோப்பிக்காரரின் பாதையில் போகிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

அறிஞர் சித்திலெவ்வை கண்டியில் பிறந்தவர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, முஸ்லிம் பிள்ளைகள் நவீன கல்வி பெறவேண்டுமென்று அவர் வாதாடிய காலத்தில் பயணம் ஒரு பிரச்சினையாக எழவில்லை. பாடசாலையைப் பிள்ளையிடம் கொண்டுபோவதே அன்றைய வழி. அவர் முஸ்லிம்கள் வாழும் நகரங்களில் பாடசாலைகளைத் தொடங்கத் தூண்டினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பாடசாலையை ஏற்படுத்தினார். ஓதப்பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை அதே தூரம் நடந்து பாடசாலைக்கும் போகலாம் என்பதே கணக்கு. அதே காலத்தில் கண்டி நகரத்தில் வேறொரு மரபு வேரூன்றிக்கொண்டிருந்தது. 1854 இல் புனித அந்தோனியார் கல்லூரி, 1872 இல் திரித்துவக் கல்லூரி, 1887 இல் தர்மராஜக் கல்லூரி என்று பெரிய பாடசாலைகள் நகரத்திலும் அதன் விளிம்பிலும் எழுந்தன. தூரத்துப் பிள்ளை அங்கே படிப்பதென்றால் விடுதியில் தங்கவேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும். நல்ல பாடசாலை என்றால் நகரத்துப் பாடசாலை என்ற எண்ணம் அன்றே தோன்றிவிட்டது. இன்றைய பஸ் நெரிசலின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

1943 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை வெளியானது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தூரம் என்ற தடையைக் கன்னங்கரா அறியாதவரல்லர். அவர் கண்ட தீர்வு மத்திய பாடசாலை. கிராமப்புறங்களில் நல்ல பாடசாலைகளைக் கட்டி, ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்து, சித்தியடையும் பிள்ளைக்கு விடுதியும் உணவும் இலவசமாகக் கொடுப்பது. 1940களில் இவ்வாறு 54 மத்திய பாடசாலைகள் உருவாயின. பிள்ளையை நாள்தோறும் ஏற்றி இறக்காமல், பாடசாலையிலேயே வைத்துக்கொள்ளும் முறை அது.

அதே காலத்தில் இங்கிலாந்து இந்தத் தடையை வேறு வழியில் அணுகியது. அங்கே 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 'நடக்கத்தக்க தூரம்' எது என்பதை எழுத்தில் வைத்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மைல், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூன்று மைல். பாடசாலை அதற்கப்பால் இருந்து, அதிகாரசபை பயண ஒழுங்கும் செய்து கொடுக்காவிட்டால், பிள்ளை வராததற்காகப் பெற்றோரைக் குற்றஞ்சாட்ட முடியாது. தூரத்தின் பொறுப்பு இவ்வாறு அரசின் தலையில் ஏற்றப்பட்டது. எங்களை ஆண்டவர்கள் தங்கள் நாட்டில் இதைச் செய்த நாட்களில் நாங்கள் கட்டணத்தை ஒழித்துக்கொண்டிருந்தோம். கட்டணத்தை ஒழித்ததுதான் பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் மைல் கணக்கு எங்கள் ஏட்டில் ஏறாமற் போனதன் விளைவைப் பிற்காலப் பிள்ளைகள் அனுபவித்தார்கள்.

அந்த நாட்களில் பஸ் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. 1942 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு பாதைக்கு ஒரு கம்பனி என்ற ஏகபோகத்தை உருவாக்கியது. கூட்டமுள்ள பாதையில் பஸ் ஓடும். மலையேறிப் போகும் சிற்றூர்ப் பாதையில் ஓடாது. 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பஸ் சேவையைத் தேசியமயமாக்கி, 1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையை இயங்கவைத்தது. மைத்திரிபால சேனாநாயக்க அதற்குப் பொறுப்பான அமைச்சர். இந்தத் தேசியமயத்தைத் தொழிலாளர் பக்கமிருந்தும் முதலாளிகள் பக்கமிருந்தும் பலர் எழுதியுள்ளனர். பாடசாலைப் பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் அதன் பொருள் மிக எளிமையானது. நட்டம் வரும் பாதையிலும் இனி பஸ் ஓடலாம். பிள்ளைக்குக் குறைந்த விலையில் பருவச் சீட்டுக் கொடுக்கலாம். அந்த நட்டத்தை ஏற்பது அரசு.

அந்தச் சிவப்பு பஸ் எங்கள் ஊருக்கு வந்த நாளைப் பற்றி எனது பெரியவாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். சந்தியில் தோரணம் கட்டி, பள்ளிவாசல் முற்றத்தில் தேங்காய்ப்பாற் சோறு கொடுத்தார்களாம். அதற்கு முன்பு ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் இரண்டோ மூன்றோ பேர்தான். அடுத்த பதினைந்து வருடங்களில் ஊரில் முதலாவது ஆசிரியை வந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. அந்த ஆசிரியை நாள்தோறும் பஸ்ஸில்தான் போய்ப் படித்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பருவச் சீட்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளை கட்டுகிறது. மிச்சத்தைத் திறைசேரி போக்குவரத்துச் சபைக்குக் கொடுக்கிறது. சீட்டு பிள்ளையின் பெயரில், படத்துடன் இருக்கிறது. ஆனால் சலுகைப் பணம் போவது பஸ்ஸுக்கு. ஆகவே அந்தச் சபையின் பஸ் ஓடும் வரைக்கும்தான் சலுகை. ஓடாத பாதையில் அது வெறும் அட்டை. 1958 இலிருந்து இருபது வருடங்கள் இது எவருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஏனெனில் வீதியில் வேறு பஸ் இல்லை.

1977 க்குப் பிறகு எல்லாம் மாறிற்று. 1978 இல் போக்குவரத்துச் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் மர்ஹூம் எம்.எச். முஹம்மத் அவர்கள். எமது சமூகத்தில் அவரைப் பற்றிப் பேசுவோர் வேறு பணிகளையே பெரும்பாலும் நினைவுகூர்வர். இந்த மாற்றத்தை எழுதியவர் குறைவு. நியாயமாகச் சொன்னால், சபையின் பஸ்கள் போதாமல் சனம் மணிக்கணக்கில் காத்து நின்ற காலம் அது. தனியார் வான்களும் சிறிய பஸ்களும் வந்து அந்தக் காத்திருப்பைக் குறைத்தன. மாணவர் சீசனை மட்டும் அவை ஏற்கவில்லை. ஏற்கும்படி கேட்கவும் முடியாது. திறைசேரி அவற்றுக்குப் பணம் கொடுக்கவில்லையே. வீதியில் பஸ் பெருகியது, ஆனால் பிள்ளை ஏறக்கூடிய பஸ்களின் பங்கு சுருங்கியது. 1987 இல் மாகாண சபைகள் வந்தபின், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் அனுமதி மாகாணத்தின் கைக்குப் போனது. கல்வியின் பெரும் பகுதியும் அவ்வாறே போனது. தேசிய பாடசாலைகளும் சீசன் பணமும் கொழும்பிலேயே இருந்தன. காலை ஏழு மணிக்குச் சந்தியில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு எத்தனை அலுவலகங்கள் பொறுப்பு என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

இதே காலத்தில் அரசு மற்றப் பக்கங்களில் கை தாராளமாகவே நடந்துகொண்டது. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993 இல் சீருடைத் துணியும் இலவசமானது. புத்தகமும் உடையும் தந்து பிள்ளையை வீதி வரை கொண்டுவந்து விட்டது அரசு.

1990களில் நான் அந்த வீதியில் நின்றேன். ஸுபஹு தொழுத கையோடு உம்மா கட்டித் தரும் சோற்றுப் பார்சலோடு சந்திக்கு வந்தால், சீசன் செல்லுபடியாகும் பஸ் மூன்றில் ஒன்றாவது நிற்கும் என்ற நம்பிக்கை. வெள்ளைச் சட்டைக் கூட்டம் தெரிந்ததும் வேகத்தைக் கூட்டும் சாரதிகள் இருந்தார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஏறினால் இடம் நிரம்பும், பணப்பை நிரம்பாது. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதிரிப் பரீட்சை நாளொன்றில் அப்படி இரண்டு பஸ்கள் நிற்காமற் போயின. எந்த டிப்போவின் பஸ்கள் என்பது இங்கே வேண்டாம். மூன்றாவதாக வந்தது ஒரு தனியார் பஸ். என்னிடம் காசு இல்லை. நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி என்னைப் பார்த்து, "நகின்ன மல்லி" என்றார். கண்டி வரை என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சலுகை தரவேண்டியவர் தராமல் போக, தரவேண்டிய கடமை இல்லாதவர் தந்த நாள் அது. இந்த விடயத்தை எழுதும்போது தனியார் பஸ்காரரை எல்லாத் தீங்குக்கும் காரணமாக்க எனக்குக் கை வராததற்கு அவர்தான் காரணம்.

சாரதிகளையும் குறைசொல்லித் தப்பிவிட முடியாது. 1991 ஐ ஒட்டி, ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சியில் டிப்போக்கள் 'மக்கள்மயம்' என்ற பெயரில் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டு, ஊழியருக்குப் பங்கு கொடுக்கப்பட்டது. அன்றைய வசூல்தான் அன்றைய உயிர். திறைசேரியின் சீசன் பணம் என்றைக்கோ வரும் பணம். ஏறும் பயணியின் சில்லறை உடனே வரும் பணம். பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போகவேண்டிய கம்பனிக்கு எது பெரிதாகத் தெரியும்? 1997 இல் அக்கம்பனிகள் பிராந்தியக் கம்பனிகளாகச் சேர்க்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அவற்றை மீண்டும் ஒன்றாக்கி இன்றைய இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. பெயர்ப்பலகை இத்தனை தடவை மாறியபோதும் பிள்ளையின் சீசன் அதே அட்டையாகவே இருந்தது.

இனிக் கண்டி நகரத்தைப் பார்ப்போம். நகரம் மலைகளுக்கிடையில் ஒரு கிண்ணம். மாத்தளை, குருநாகல் பக்கத்திலிருந்து வருவோருக்குக் கட்டுகஸ்தோட்டையும் மஹியாவையும், கம்பளை, கொழும்புப் பக்கத்திலிருந்து வருவோருக்குப் பேராதனையும் கெட்டம்பேயும், திகன பக்கத்திலிருந்து வருவோருக்குத் தென்னேகும்புரவும் வாசல்கள். வாசல்கள் இவ்வளவுதான். அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் மாத்தளை வீதியே அடைபட்டுப்போகும். அன்று பாடசாலை வரவு இடாப்பில் மழையை வாசிக்கலாம். 1998 ஜனவரி 25 ஆம் திகதி தலதா மாளிகையின் முன்னால் குண்டு லொறி வெடித்தது. அதன்பின் மாளிகைக்கு முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்த வழியால் போன வாகனங்கள் குளத்தைச் சுற்றத் தொடங்கின. வழிபாட்டுத் தலத்தின் பாதுகாப்புக்கு எதிராக எவரும் பேசமாட்டார், நானும் பேசவில்லை. ஆனால் காலையில் அரை மணித்தியாலம் முன்னதாக எழும்ப வேண்டிவந்தவர்கள் பிள்ளைகள்தான்.

அந்த வருடங்களில்தான் 'ஸ்கூல் வேன்' எங்கள் வாழ்க்கையில் நிலைத்தது. வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும். உம்மாமாருக்கு நிம்மதி. மாதாந்தம் கொடுக்கும் பணமோ சீசனின் பல மடங்கு. இவ்வாறு இலவசக் கல்விக்குள் சத்தமில்லாமல் ஒரு கட்டணம் நுழைந்தது. 1945 இல் பாடசாலை வாசலில் அகற்றப்பட்ட கட்டணம் வீட்டு வாசலில் வந்து நின்றது. வேன்கள் பெருகப் பெருக நகர வீதியும் இறுகிற்று. வீதி இறுக பஸ் தாமதித்தது. பஸ் தாமதிக்க இன்னும் சிலர் வேனுக்கு மாறினர்.

2005 இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு தொடங்கிய 'சிசு செரிய' இந்த முடிச்சை அவிழ்க்க வந்த முதலாவது உருப்படியான முயற்சி என்பது எனது கணிப்பு. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே தனி பஸ். சாதாரண கட்டணத்தில் அரைவாசி. ஓட்டுபவருக்கு ஏற்படும் இழப்பை ஆணைக்குழு ஈடுசெய்யும். போக்குவரத்துச் சபை பஸ்ஸும் ஓடலாம், தனியார் பஸ்ஸும் ஓடலாம். இந்தக் கடைசி வசனத்தில்தான் வரலாற்று மாற்றம் இருக்கிறது. 1979 இலிருந்து அரச சலுகை அரச பஸ்ஸோடு மட்டும் கட்டப்பட்டிருந்தது. இங்கே முதற்தடவையாக அரசு தனியார் சாரதியையும் பார்த்து, "பிள்ளையை ஏற்று, நான் தருகிறேன்" என்றது. நெருக்கியடிக்கும் பொதுப் பயணிகளிடையே பெண்பிள்ளைகள் படும் தொல்லைகளை அறிந்தவர்களுக்கு, பிள்ளைகள் மட்டும் ஏறும் பஸ்ஸின் அருமை சொல்லத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. சிசு செரிய எல்லாப் பாதையிலும் இல்லை. பிள்ளைகள் திரளும் பெரிய பாதைகளுக்கே அது பொருத்தமானது. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் புறப்படும் பஸ், விளையாட்டுப் பயிற்சிக்கோ மேலதிக வகுப்புக்கோ நிற்கும் பிள்ளைக்காகக் காத்திருக்காது. உள்ளூர்ப் பிள்ளை பிரதான வீதி வரை வருவதற்கு வேறு வழி தேட வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பிரதான வீதிக்கு ஒன்றரை மைல் இறக்கம். திரும்பி வரும்போது அது ஏற்றம்.

தமிழ்நாட்டில் பாடசாலை மாணவர் அரச பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்கள். பீகாரில் 2006 இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் அதனால் கூடினர் என்றும், பாடசாலை தூரமாக இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டின. எங்கள் ஏற்றங்களில் சைக்கிள் மிதிப்பதென்பது வேறு கதை. ஆனால் ஆய்வின் பின்பகுதி எங்களுக்கும் பொருந்தும். தூரம் எல்லோரையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. முதலில் பெண்பிள்ளையைத்தான் தடுக்கிறது. மர்ஹூம் பதியுத்தீன் மஹ்மூத் அவர்களின் பெயரில் கண்டியில் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. கம்பளை ஸாஹிராவின் முதல் அதிபராக இருந்து, பின்னர் இரு தடவை கல்வி அமைச்சராகி எமது சமூகத்தின் கல்வியை நிமிர்த்தியவர் அவர். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பெயர் தாங்கிய கல்லூரிக்குப் போகவேண்டுமென்றால் இரண்டு பஸ் ஏறவேண்டும். "ரெண்டு பஸ்ஸா?" என்று ஒரு வாப்பா கேட்கும் கேள்வியில் எத்தனை பெண்பிள்ளைகளின் உயர்தரம் முடிந்திருக்கிறது என்பதை ஊர் ஆசிரியர்கள் மட்டுமே அறிவார்கள். அதை எந்தப் புள்ளிவிபரமும் 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழ்ப் போடாது. 'இடைவிலகல்' என்று போடும், அல்லது எங்கள் சமூகத்தின் 'மனப்பாங்கு' என்று போடும்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டபோது கண்டி மாவட்டத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. திறந்த பிறகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. சீருடையோடு ஃபர்தா அணிந்த பிள்ளையைப் பொது பஸ்ஸில் தனியே அனுப்பத் தாய்மாருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் அந்த அச்சம் இரட்டித்தது. வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டினர். முடியாதவர்களில் இருவர் எனது வகுப்புக்கு, கிராமத்துப் பாடசாலைக்குத் திரும்பி வந்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் கூடினால் ஆசிரியருக்கு மகிழ்ச்சி வரவேண்டும். அன்று வரவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் பஸ்ஸுக்காக வாதாடும் நானே பஸ்ஸால் நட்டப்படுபவன். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஒவ்வொரு வருடமும் எனது வகுப்பின் முன்வரிசையை அள்ளிக்கொண்டு நகரத்துக்குப் போகிறது. கன்னங்கரா அந்தப் பரீட்சையை ஏழைப் பிள்ளைக்கு விடுதிக் கதவைத் திறக்கக் கொண்டுவந்தார். விடுதி தேய்ந்து பரீட்சை மட்டும் மிஞ்சியபின் அது பஸ்ஸைத்தான் நிரப்புகிறது. சிசு செரிய ஊருக்குள் வந்தால் பின்வரிசையும் போய்விடும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. 2016 இல் 'அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்ற வேலைத்திட்டம் வந்தபோது நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம். பிள்ளையை ஏற்றிப் போகாமல் பாடசாலையை உயர்த்துவது, சித்திலெவ்வையின் காலத்துக் கணக்கு. சில இடங்களில் கட்டடங்கள் எழும்பின. ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குத் தமிழ்மொழி மூல பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில், புதிய கட்டடத்தின் நிழலில் நின்றுகொண்டு, "நகரத்துக்குப் போகாதே" என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஆசிரியர் வரும் வரையாவது பஸ் வேண்டும். இரண்டும் எதிரெதிர் என்று வாதாடுவோர் இரண்டையுமே தராதிருப்பதற்குக் காரணம் தேடுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

2022 ஐச் சொல்லாமல் விடமுடியாது. அந்த வருடம் ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலை முதலாம் திகதி 40 ரூபா ஆனது. எரிபொருள் இல்லை; பாடசாலைகள் மூடப்பட்டன; பின்னர் சில வாரங்கள், வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் நடந்தன. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு பாடம் படித்தது: ஆசிரியர் இருந்தும், புத்தகம் இருந்தும், கட்டடம் இருந்தும், வண்டி ஓடாவிட்டால் பாடசாலை இல்லை. எங்கள் ஊரில் வேன்காரர் ஒருவர் தனது வேனை எரிபொருள் வரிசையில் இரண்டு இரவு நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே தூங்கினார். மாதக் கட்டணத்தை அவர் கூட்டியபோது மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. அவரையும் குறைசொல்ல முடியவில்லை. அந்த மாதங்களில் சீசன் அட்டை மட்டும் மீண்டும் மதிப்புப் பெற்றது. பல வருடங்களாகச் சீசன் பக்கம் திரும்பிப் பாராத வீடுகளிலிருந்தும் விண்ணப்பப் படிவங்கள் எனது மேசைக்கு வந்தன.

சென்ற வருடத் தொடக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தனது உம்மாவோடு வந்தாள். எனது முன்வரிசையில் இருந்தவள். கண்டியில் ஆறாந் தரத்துக்கு இடம் கிடைத்திருந்தது. படிவத்தை அவளே நிரப்பட்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். அழகான எழுத்தில் பெயர், விலாசம், பாடசாலை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள், ஏறுமிடம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"சேர், பஸ் வாற எடத்த எழுதுறதா, எங்கட ஊட்டுச் சந்திய எழுதுறதா?"

"பஸ் வாற எடம்தான் மகள்."

அவள் பிரதான வீதிச் சந்தியின் பெயரை எழுதினாள். உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே வரைக்கும் காலையில் யார் கூட்டிக்கொண்டு போவது என்று தன்பாட்டில் கணக்குப் போடத் தொடங்கினார்.